நூலகத்தில் கராஜ் ராக் தேடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் பழைய இசைத்தட்டுப் பித்துப் பிடித்த தமிழர்கள் சிறு கூட்டமாக இருக்கிறோம். அறுபதுகளின் கராஜ் ராக், சைக்கடெலிக் தொகுப்புகள் என்று பேச்செடுத்தால் எதிரில் இருப்பவர் கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றில் பாதி, "இதெல்லாம் நூலகத்தில் கிடைக்குமா?" என்று முடிகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி அலுத்துவிட்டதால் பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில், கராஜ் ராக் என்றால் என்ன? சைக்கடெலிக் என்பது வேறா?

1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றிய பிறகு, அந்நாட்டுச் சிற்றூர்களில் பள்ளி மாணவர்கள் கித்தார் வாங்கிக் குழு அமைக்கத் தொடங்கினார்கள். ஒத்திகை பார்க்க இடம் கார் கொட்டகைதான். பெயர் அதிலிருந்து வந்தது. மூன்று ஸ்வரக் கட்டுகள், மலிவான மின் ஆர்கன், தொண்டை கிழியும் பாட்டு, ஏமாற்றிய காதலி மீது கோபம். இவ்வளவுதான் மூலதனம். 1962-இல் மேஸ்ட்ரோ என்ற பெயரில் விற்பனைக்கு வந்த 'ஃபஸ்-டோன்' என்னும் சிறு பெட்டி, கித்தார் ஒலியைக் கரகரப்பாக்கும். 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் 'சாட்டிஸ்ஃபாக்‌ஷன்' பாட்டில் அதைப் பயன்படுத்தியதும் ஒவ்வோர் ஊர்ப் பையனுக்கும் அந்தக் கரகரப்பு வேண்டியதாயிற்று.

சைக்கடெலிக் அதற்கு அடுத்த வீடு. எதிரொலி, பின்னோக்கி ஓடும் ஒலிநாடா, சிதாரின் சாயல், புரியாத பாடல் வரிகள். 1966, 67-இல் ஒரே குழு தட்டின் முதல் பக்கத்தில் கராஜும் மறுபக்கத்தில் சைக்கடெலிக்கும் வாசித்தது சாதாரணம். ஆகவே தொகுப்பாளர்கள் இரண்டையும் கலந்தே வைப்பார்கள். பிரித்துப் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

தமிழ்க் காதுக்கு இந்த ஒலி அத்தனை அந்நியமும் அன்று. 1964-இல் வந்த 'காதலிக்க நேரமில்லை' படத்தின் 'விஸ்வநாதன் வேலை வேண்டும்' பாட்டை ஒருமுறை கித்தாருக்காக மட்டும் கேட்டுப் பாருங்கள்.

குழுக்களின் தட்டுகளை விட்டுவிட்டுத் தொகுப்புகளையே ஏன் தேட வேண்டும்?

அந்தக் குழுக்களில் பெரும்பாலானவற்றுக்கு சில பாட்டே கொள்ளும் ஒரு சிறுதட்டைத் தவிர வேறு எதுவும் கிடையாது. கொஞ்சம் பிரதிகள் அச்சிட்டார்கள், ஊர் வானொலியில் சில வாரம் ஒலித்தது, பையன்கள் கல்லூரிக்கோ வியட்நாம் போருக்கோ போனார்கள், கதை முடிந்தது. அந்த ஒற்றைத் தட்டுகளை யாரோ ஒருவர் பழைய சாமான் கடைகளிலும் வானொலி நிலையக் குப்பைகளிலும் தேடிப் பொறுக்கி வரிசைப்படுத்தாமல் இருந்திருந்தால் இந்த இசை நமக்குத் தெரிந்தே இருக்காது.

முதல் பெரிய தொகுப்பு 1972-இல் வந்த 'நகெட்ஸ்'. எலெக்ட்ரா நிறுவனத் தலைவர் ஜாக் ஹோல்ஸ்மன் ஆதரவில் லென்னி கே தொகுத்தார். இரண்டு எல்பி தட்டுகளில் 27 பாடல்கள். லென்னி கே அப்போது இசைபற்றி எழுதிக்கொண்டிருந்தவர்; பின்னாளில் அமெரிக்க ராக் பாடகி பாட்டி ஸ்மித்தின் கித்தார் கலைஞர். தொகுப்பு வந்தபோது அந்தப் பாடல்களுக்குச் சில வயதுதான் ஆகியிருந்தது. ஆனாலும் அவற்றை ஏதோ அகழ்வாய்வில் கிடைத்தவை போலவே உறைக் குறிப்பில் அறிமுகப்படுத்தினார். அந்தக் குறிப்பிலேயே 'பங்க் ராக்' என்ற சொல் இருக்கிறது. செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பிரிட்டிஷ் பங்க் குழு தட்டு போடுவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே. 1998-இல் ரைனோ நிறுவனம் இதை நான்கு சிடிகளில் 118 பாடல்களாக விரித்தது. 2001-இல் வந்த இரண்டாம் பெட்டி பிரிட்டன், ஆஸ்திரேலியா, பிரேசில் என்று உலகம் சுற்றியது.

'நகெட்ஸ்' தொகுப்பில் வானொலி வெற்றிப் பாடல்கள் பல இருக்கின்றன. உண்மையான அரிய சரக்கு அதற்குப் பின் வந்தவற்றில்தான். 1978-இல் தொடங்கிய 'பெபிள்ஸ்' தொடர் லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த கிரெக் ஷாவின் வேலை. 1983-இல் டிம் வாரனின் கிரிப்ட் நிறுவனம் 'பேக் ஃப்ரம் த கிரேவ்' தொடரைத் தொடங்கியது. உறையில் பிணங்கள் சமாதியிலிருந்து எழுந்துவரும் கேலிச் சித்திரம், உள்ளே அதற்கேற்ற ஓசை. பிரிட்டன் பக்கம் 'ரபிள்' தொடர், 1984 முதல். அது மென்மையானது, தேநீர்க் கோப்பை, பொம்மைக் கடை, மழை என்று பாடுகிற சைக்கடெலிக்.

என்னைக் கேட்டால் 'பெபிள்ஸ்' தொடரில் பாதிப் பாடல்கள் சுமார்தான். ஆனால் அந்தச் சுமாரான பாடல்களைக் கேட்டால்தான் நல்லது எவ்வளவு அரிது என்று தெரியும். வடிகட்டிய தொகுப்பை மட்டும் கேட்பவருக்கு அறுபதுகளில் எல்லோரும் மேதைகளாக இருந்தார்கள் என்ற எண்ணம் வந்துவிடும்.

சரி, மலேசிய நூலகங்களில் இந்தத் தட்டுகள் கிடைக்குமா?

அமெரிக்கச் சிற்றூர் நூலகத்தில் சிடி அலமாரியைப் புரட்டி 'நகெட்ஸ்' பெட்டியை வீட்டுக்குத் தூக்கிச் சென்றவர்களின் கதைகளை நாமும் படித்திருக்கிறோம். இங்கே அப்படி எதிர்பார்த்துப் போகாதீர்கள். நம் பொது நூலகங்கள் பாடப் புத்தகம், சிறுவர் நூல், கதை, ஆய்வு என்று வளர்ந்தவை. இசை ஒலிப்பதிவு அவற்றின் முதன்மைச் சரக்கு அன்று.

நம் ஊர் இசைக்கும் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 1986-ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி மலேசியாவில் வெளியாகும் அச்சுப் பொருளில் ஐந்து பிரதிகளும், ஒலிப்பதிவு உள்ளிட்ட அச்சில்லாப் பொருளில் இரண்டு பிரதிகளும் தேசிய நூலகத்துக்குப் போக வேண்டும். 1990-இல் வந்த ஒரு ராக் கசெட் அந்த வழியில் நூலகத்தை அடைய வாய்ப்பு உண்டு. 1966-இல் வந்த நான்கு பாட்டுச் சிறுதட்டுக்கு அந்த வாய்ப்பே இல்லை. அதற்கு முன்பிருந்த 1966-ஆம் ஆண்டுச் சட்டம் பெயரிலேயே புத்தகப் பாதுகாப்புச் சட்டம். அது மட்டுமன்றி, அக்காலத் தட்டுகளில் பல சிங்கப்பூரில் பதிவானவை.

ஆகவே என் பதில் இது: நூலகத்தில் ஒலியைத் தேடாதீர்கள், தாளைத் தேடுங்கள். தட்டைப் பற்றிய புத்தகம், விளம்பரம், நடன நிகழ்ச்சி அறிவிப்பு, பழைய வார இதழ், ஆய்வேடு ஆகியவை நூலகத்தில் நிறையவே இருக்கின்றன. பெயர் தெரிந்துவிட்டால் ஒலியை வேறு எங்கேனும் பிடித்துவிடலாம். பெயரே தெரியாதபோது எந்தத் தேடுபொறியும் உதவாது.

எந்த நூலகத்தில் தொடங்குவது?

கோலாலம்பூரில் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகம். மலாய்த் தலைப்பாகையான தெங்கோலோக் வடிவக் கூரையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மைகாட் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். புத்தகம், பருவ இதழ், பழைய நாளிதழ் ஆகியவற்றுக்கு இதுவே முதல் இடம். மெர்டேக்கா சதுக்கத்தை ஒட்டி ஜாலான் ராஜாவில் இருக்கும் கோலாலம்பூர் நூலகம் உட்கார்ந்து படிக்க இனிமையான இடம். இந்தத் துறையில் ஆழம் குறைவு. மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வேடுகள் கிடைக்கும். வெளியாட்களுக்கான விதிகளை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

செத்தாப்பாக்கில் உள்ள பி. ரம்லி நினைவு நூலகத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது தேசிய ஆவணக் காப்பகத்தின் கீழ் இயங்குகிறது. மலாய்த் திரைப்பட நடிகரும் பாடகருமான பி. ரம்லி ராக் பாடகர் அல்லர். ஆனால் கித்தார்க் குழுக்கள் வந்து எந்த இசையை ஓரம் தள்ளின என்று புரிந்துகொள்ள அங்கே ஒரு மதியம் போதும்.

பினாங்கில் பொது நூலகக் கழகத்தின் தலைமையகம் தீவில் இல்லை, செபெராங் ஜெயாவில் இருக்கிறது. பாலம் தாண்ட வேண்டும். தீவில் ஜாலான் மஸ்ஜித் நெகிரியில் உள்ள மின்னூலகம் கணினியில் பழைய செய்தித்தாள் புரட்ட வசதியானது. ஆழமாகத் தோண்டுவதற்கு மிண்டனில் உள்ள அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஹம்சா செண்டுட் நூலகம்.

நூலகப் பட்டியலில் எப்படித் தேடுவது? 'கராஜ் ராக்' என்று தட்டினால் ஒன்றுமே வருவதில்லையே?

வராது. நூலகப் பட்டியல் ஆசிரியர் பெயரை மையமாக வைத்துக் கட்டப்பட்டது. தொகுப்புத் தட்டுக்கு ஆசிரியர் கிடையாது. தலைப்பின் கீழேயே பதிவாகும். தொகுப்பாளரின் பெயர் சில வேளை குறிப்பில் இருக்கும், பல வேளை இருக்காது. ஆகவே பாடகர் பெயரை விட்டுவிட்டுத் தலைப்பில் ஒரு சொல்லைப் பிடித்துத் தேடுங்கள்.

தலைப்பும் தெரியாதா? சில பதிவுகளில் உள்ளடக்கக் குறிப்பு என்று ஒரு பகுதி உண்டு. நல்ல பட்டியலாளர் அதில் தட்டின் ஒவ்வொரு பாட்டையும் ஏற்றியிருப்பார். எனவே 'எல்லாப் புலங்களும்' என்ற வகையைத் தெரிந்தெடுத்து, ஒரு குழுவின் பெயரையோ பாட்டின் முதல் சொல்லையோ கொடுங்கள். பொருள் வகையில் 'ஒலிப்பதிவு' என்பதைக் குறித்தால் குப்பை குறையும். மலாயில் அது 'ரக்கமான் பூஞி' என்று இருக்கும். பலரும் பாடிய தொகுப்புக்கு 'பெல்பகாய் ஆர்ட்டிஸ்', அக்காலக் கித்தார்க் குழுக்களுக்கு 'குகிரான்' ஆகிய சொற்களை மலாய் எழுத்துக்கூட்டலில் தட்டிப் பாருங்கள்.

புத்தக அலமாரிக்கு நேரே நடக்க விரும்புகிறவர்கள் மூன்று எண்களை நினைவில் வைத்தால் போதும். நூலகங்கள் புத்தகங்களை அடுக்கும் டியூயி எண் வகைப்பாட்டில் ராக் இசை 781.66, பொதுவான ஜனரஞ்சக இசை 781.64, மலேசிய, சிங்கப்பூர் இசை வரலாறு 780.9595-ஐ ஒட்டி. தேடிய புத்தகத்தைவிட அதற்கு இரண்டு புத்தகம் தள்ளி இருப்பது பல நேரங்களில் அதிகம் பயன்படும். இதைக் கணினித் திரை தராது, அதனால் அலமாரி முன்னால் நிற்பதைத் தவிர்க்காதீர்கள்.

நூலகரிடம் கேட்டால் விழிக்கிறாரே?

"சைக்கடெலிக் இருக்கிறதா?" என்று கேட்டால் யாரும் விழிக்கத்தான் செய்வார்கள். பொருளைக் கேட்காமல் வேலையைக் கேளுங்கள்: "1965 முதல் 1970 வரை வெளிவந்த பொழுதுபோக்கு இதழ்கள் எந்த மாடியில் இருக்கின்றன?", "இந்தப் புத்தகத்தை வேறு நூலகத்திலிருந்து வரவழைக்க முடியுமா?" நூலகங்களுக்கு இடையிலான இரவல் முறை இங்கே உண்டு, கேட்பவர்கள் குறைவு, அவ்வளவுதான். மேசையில் அமர்ந்திருப்பவர் ஐம்பது வயதைத் தாண்டியவராக இருந்தால் பேச்சை நீட்டுங்கள். அவருடைய அண்ணனோ மாமாவோ ஏதோ ஒரு குகிரானில் டிரம் வாசித்திருக்கக்கூடும்.

நம் ஊரிலேயே இந்த இசை இருந்ததா?

இருந்தது, அதுவும் வெளுத்து வாங்கியது. பிரிட்டிஷ் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் அவருடைய ஷேடோஸ் குழுவும் 1961-இல் சிங்கப்பூர் வந்துபோனதிலிருந்து மலாயாவெங்கும் கித்தார்க் காய்ச்சல். பீட்டில்ஸ் வந்ததும் அது ஜன்னியாயிற்று. மலாய் மொழியில் பாடிய இந்த இசைக்கு 'பாப் யே யே' என்று பெயர் விழுந்தது. எம். உஸ்மான் பாடிய 'சுசானா', ஏ. ரம்லி, ஜெஃப்ரிதீனும் சிக்லாப் ஃபைவும், பாவியான் தீவு மொழியில் 'லா ஓபே' பாடிய ஸ்வாலோஸ் என்று வரிசை நீளும். ஆங்கிலத்தில் வாசித்தவர்களில் சிங்கப்பூர் குவெஸ்ட்ஸ் குழுவின் 'ஷாண்டி' 1964-இல் உள்ளூர் வெற்றிப் பட்டியலில் பீட்டில்ஸையே கீழே தள்ளியது. 1967-இல் வந்த 'ஏ கோ கோ 67' என்ற மலாய்ப் படம் கிடைத்தால் பாருங்கள். கதை கிடக்கட்டும், குழுக்களைப் பார்க்கலாம்.

பினாங்கில் இதற்கு இன்னொரு தூண்டுதல். எதிர்க்கரையில் பட்டர்வொர்த் விமானத் தளத்தில் ஆஸ்திரேலியர்கள் இருந்தார்கள். அவர்கள் தமக்கென்று ஒரு வானொலி நிலையமே நடத்தினார்கள். வியட்நாம் போரிலிருந்து ஓய்வுக்கு வரும் அமெரிக்க வீரர்களும் தீவில் இறங்கினார்கள். இவர்கள் ஆடவும் குடிக்கவும் இடம் இருந்ததால் வாசிக்கவும் ஆள் வேண்டியிருந்தது.

இந்தக் காலத்தைத் தட்டில் பிடித்த தொகுப்பு 'பாப் யே யே: சிங்கப்பூர், மலேசிய சைக்கடெலிக் ராக் 1964–1970'. கார்ல் ஹாம் என்ற அமெரிக்கர் தொகுத்து, சியாட்டிலின் சப்லைம் ஃப்ரீக்வென்சீஸ் நிறுவனம் 2014-இல் வெளியிட்டது. நம் மண்ணின் தட்டுகளை அமெரிக்கர் ஒருவர் வந்து தொகுக்க வேண்டியிருந்ததே என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும். அவர் பாடகர்களைத் தேடிப் போய்ப் பேசினார், நாம் போகவில்லை. தலைப்பில் உள்ள 'சைக்கடெலிக்' என்ற சொல்தான் எனக்கு உறுத்துகிறது. உள்ளே இருப்பது பெரும்பாலும் நல்ல மலாய் மெட்டும் துள்ளும் கித்தாரும். மாயத் தோற்றம் எதுவும் இல்லை. வெளிநாட்டுக் கடையில் விற்க அந்தச் சொல் தேவைப்பட்டிருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரர்களையும் விடாதீர்கள். இந்தோனேசியாவின் கூஸ் சகோதரர்கள் 1965-இல் இந்த மேற்கத்திய இசையை வாசித்ததற்காகவே சிறைக்குப் போனார்கள். வெளியே வந்து 1967-இல் போட்ட பாடல்களையும், தாரா புஸ்பிதா என்ற பெண்கள் குழுவின் பாடல்களையும் அதே சியாட்டில் நிறுவனம் மறுவெளியீடு செய்திருக்கிறது.

இதில் தமிழர்கள் எங்கே?

கராஜ் தொகுப்புகளில் தமிழ்ப் பாட்டைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். தமிழர்கள் குழுக்களில் இருந்தார்கள், ஆங்கிலத்திலும் மலாயிலும் வாசித்தார்கள். எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு பினாங்கின் ஆலிகேட்ஸ். டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்கள் அறுபதுகளின் இறுதியில் தொடங்கி, ஹாங்காங் இரவு விடுதிகளில் வாசித்துத் தேறி, பின் மலாய் இசையின் முன்வரிசைக்கு வந்தார்கள். அவர்கள் புகழ்பெற்ற பாடல்கள் கராஜ் அல்ல, மெருகேறிய பாப். ஆனாலும் அந்தக் குழு முளைத்த மண் இதுதான். லோகா என்ற லோகநாதன் 2007-இல் மறைந்தபோது வந்த இரங்கல் கட்டுரைகளை நூலகத்தில் எடுத்துப் படியுங்கள். பினாங்கின் பழைய இசை உலகத்தைப் பற்றிய தகவல்கள் அவற்றின் இடையிடையே கிடைக்கும்.

இந்தியப் பக்கம் 'சிம்லா பீட்' இருக்கிறது. சிம்லா சிகரெட்டுக்கு விளம்பரமாக நடந்த குழுப் போட்டியின் விளைவாக 1970, 1971 என்று இரண்டு எல்பி தட்டுகள் வந்தன. கல்கத்தா, பம்பாய், ஷில்லாங் குழுக்களோடு மெட்ராஸின் கன்ஃபியூஷன்ஸும் அதில் உண்டு. ஆங்கிலப் பாட்டு, நாற்பது ரூபாய்க் கித்தார் போன்ற ஒலி, கொஞ்சமும் கூச்சமில்லாத உற்சாகம். நான் உலகக் கராஜ் தட்டுகளில் இதற்கு உயர்ந்த இடம் கொடுப்பேன். சிகரெட் கம்பெனி செய்த ஒரே நல்ல காரியம் என்றும் சேர்த்துக்கொள்ளலாம்.

இளையராஜாவின் பாடல்களை பிரிட்டனின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் நிறுவனம் 'சொல்லச் சொல்ல' என்று தொகுத்ததைப் பலர் இந்த வரிசையில் சேர்க்கிறார்கள். அருமையான தொகுப்பு. ஆனால் அது கொட்டகையில் பிறந்த இசை இல்லை, தேர்ந்த ஸ்டூடியோவில் பிறந்தது.

பழைய செய்தித்தாள்களில் எதைத் தேட வேண்டும்?

இதுதான் தங்கச் சுரங்கம், அதுவும் இலவசம். சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் 'நியூஸ்பேப்பர் எஸ்ஜி' தளத்தில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், பெரித்தா ஹரியான், தமிழ் முரசு உட்படப் பழைய நாளிதழ்கள் பக்கம் பக்கமாகக் கிடைக்கின்றன. அறுபதுகளில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் தீபகற்பத்துக்கும் பொதுவான நாளிதழாக இருந்ததால் ஈப்போ நடனப் போட்டியும் பினாங்கு ஹோட்டல் விளம்பரமும் அதில் வரும். சில பக்கங்களை சிங்கப்பூர் நூலகக் கணினியில் மட்டுமே பார்க்க முடியும். வீட்டிலிருந்து கிடைப்பதே பல மாதங்களுக்குப் போதும்.

குழுவின் பெயரை மட்டும் தேடாதீர்கள். 'ஸ்வாலோஸ்' என்று தட்டினால் பறவைகளும் கால்பந்து அணியும் சேர்ந்து வரும். 'டேலன்டைம்' என்ற திறமைப் போட்டி, 'டீ டான்ஸ்' என்ற மாலை நடனம், இரவு விடுதியின் பெயர், கித்தார் கடை விளம்பரம் ஆகியவற்றோடு ஆண்டையும் சேர்த்துக் கொடுங்கள். விளம்பரப் பக்கத்தை விலக்கும் வடிகட்டியை எடுத்துவிடுங்கள். செய்தியாளர் கண்டுகொள்ளாத குழுவின் பெயர் விளம்பரத்தில்தான் இருக்கும். நீளமுடிக்காரர்களைக் கண்டித்து எழுதிய வாசகர் கடிதங்களையும் படியுங்கள். யார் எங்கே வாசித்தார்கள் என்று எரிச்சலோடு துல்லியமாகச் சொல்கிறவர்கள் அவர்கள்தான். 1972-இல் நீளமுடிக்காக லெட் ஸெப்பலின் குழுவையே சிங்கப்பூர் உள்ளே விடவில்லை என்பதை வைத்து அந்த எரிச்சலின் அளவைப் புரிந்துகொள்ளலாம்.

தமிழ் முரசைச் சொல் தேடலைவிடத் தேதி வாரியாகப் புரட்டுவதே நல்லது. கோலாலம்பூரில் 1924 முதல் 2019 வரை வந்த தமிழ் நேசனின் பழைய இதழ்களைப் பற்றித் தேசிய நூலகத்திலும் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் கேளுங்கள். எஸ்டேட் கலை நிகழ்ச்சி, கோயில் திருவிழா மெல்லிசை, பள்ளி ஆண்டுவிழா என்ற செய்திகளுக்குள் 'மின் கித்தார் இசைத்த இளைஞர்கள்' என்று ஒரு வரி வரும். அந்த ஒரு வரிக்காக நாற்பது பக்கம் புரட்டத் தயங்குகிறவருக்கு இந்த வேலை சரிப்படாது.

படிக்க வேண்டிய புத்தகங்கள்?

பினாங்குக்கு பால் அகஸ்டினும் ஜேம்ஸ் லாக்ஹெட்டும் எழுதி 2015-இல் வந்த 'ஜஸ்ட் ஃபார் த லவ் ஆஃப் இட்'. 1930-கள் முதல் 1960-கள் வரை தீவின் இசைக்கலைஞர்கள். சிங்கப்பூர்க் குழுக்களுக்கு ஜோசப் பெரேராவின் 'அப்பாச்சி ஓவர் சிங்கப்பூர்' (2011). நடையில் சுவை குறைவு, தகவலில் அசுரன். அரசியலோடு சேர்த்துப் பார்க்க கிரெய்க் லாக்கார்டின் 'டான்ஸ் ஆஃப் லைஃப்' (1998).

உறைக் குறிப்புகளை அப்படியே நம்பலாமா?

கூடாது. 'பெபிள்ஸ்' தட்டுகளின் உறையில் ஆஸ்திரேலியாவில் அச்சிட்டதாக ஒரு போலி முகவரி இருந்தது. உரிமை பெறாமல் போட்ட தட்டுக்கு அது ஒரு கேடயம், பாதி விளையாட்டு.

'கம்போடியன் ராக்ஸ்' கதை இன்னும் கனமானது. பால் வீலர் என்ற அமெரிக்கப் பயணி தொண்ணூறுகளில் கம்போடியாவில் வாங்கிய கசெட்டுகளிலிருந்து எடுத்து 1996-இல் வெளியான தொகுப்பு அது. பாடகர் பெயர் இல்லை, பாட்டின் பெயர்கூட இல்லை. கேட்டவர்கள் சொக்கிப்போனார்கள், யார் பாடியது என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு கெமர் மொழி அறிந்தவர்கள் ஒவ்வொன்றாக அடையாளம் சொன்னார்கள்: சின் சிசாமுத், ரோஸ் செரே சொத்தியா, பான் ரான். மூவருமே கெமர் ரூஜ் ஆட்சியில் உயிர் இழந்தவர்கள். அவர்களை அறிந்த மக்களுக்கு அந்தக் குரல்கள் என்றைக்கும் பெயரற்றவையாக இருந்ததில்லை. மேற்கில் விற்ற தட்டு மட்டுமே அவற்றைப் பெயரற்றதாக்கியது. ஆகவே தொகுப்பைக் கையில் எடுத்ததும் நான் முதலில் பார்ப்பது பாடல் வரிசையை அல்ல. ஒவ்வொரு பாட்டுக்கும் பாடியவர், ஊர், ஆண்டு, முதலில் வெளியிட்ட நிறுவனம் கொடுத்திருக்கிறார்களா என்பதைத்தான். கொடுக்காத தொகுப்பை வாங்குவதில்லை, இரவல் வாங்கிக் கேட்பேன்.

எல்லாம் யூடியூபில் இருக்கும்போது நூலகம் எதற்கு?

கேட்பதற்கு யூடியூப் போதும். ஆனால் அங்கே ஏற்றுகிறவர் போடுகிற ஆண்டு தவறு, படம் வேறு குழுவுடையது, கீழே சண்டை. அடுத்து எதைக் கேட்பது என்பதையும் அதுவே முடிவு செய்கிறது. நீங்கள் ஏற்கெனவே விரும்பியதன் சாயலையே திரும்பத் திரும்பத் தரும். சிங்கப்பூர் நூலக வாரியத்தின் இணைய இசைத் தொகுப்பில் குறைவாக இருந்தாலும் விவரம் ஒழுங்காக இருக்கிறது.

வீட்டில் சிடி இயக்க எதுவும் இல்லையே?

பழைய டிவிடி கருவி போதும். பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மால் வார இறுதிச் சந்தையிலோ, பினாங்கு லோரோங் கூலிட் சந்தையிலோ கிடைக்கும். அங்கேயே போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

நூலகத் தட்டை நகல் எடுக்கலாமா?

மலேசியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டைத் தொடர்ந்து 50 ஆண்டுகள் பாதுகாப்பு. பாடலை இயற்றியவரின் உரிமை தனி. அது அவர் காலமான பின்னும் 50 ஆண்டுகள் நீடிக்கும். ஆகவே 1966-ஆம் ஆண்டுத் தட்டு என்றாலும் 'எல்லாம் இலவசம்' என்று ஆகிவிடாது. நூலகத்தின் விதி இதைவிடக் கடுமையாகவும் இருக்கலாம்.

அப்பா விட்டுச்சென்ற பழைய சிறுதட்டுகள் வீட்டில் இருக்கின்றன. நூலகத்துக்குக் கொடுக்கலாமா?

கொடுப்பதற்கு முன் எழுதுங்கள். ஒவ்வொரு தட்டின் நடுத்தாளில் உள்ள நிறுவனம், தட்டு எண், பாடல்கள், குழு, இயற்றியவர் பெயர் எல்லாவற்றையும் ஒரு தாளில் குறியுங்கள். உறையின் முன்பக்கம், பின்பக்கம், நடுத்தாள் மூன்றையும் படம் எடுங்கள். எந்தக் கடையில் வாங்கியது, யார் கையெழுத்து, யார் திருமணத்தில் ஒலித்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு அதையும் சேருங்கள். உறையில் பேனாவால் பெயர் எழுதியிருந்தால் அழிக்க வேண்டாம். தட்டு யாரிடமிருந்து யாரிடம் போனது என்பதற்கு அதுதான் சான்று.

பிறகு நூலகத்திடம் மூன்று விஷயம் கேளுங்கள். பட்டியலில் ஏற்றுவார்களா, எவ்வளவு காலத்துக்குள்? உங்கள் குறிப்புத் தாள் தட்டோடு சேர்த்து வைக்கப்படுமா? வெளியாட்கள் கேட்க முடியுமா? மூன்றுக்கும் தெளிவான பதில் வந்தால் கொடுக்கலாம். 'வைத்துவிட்டுப் போங்கள், பார்க்கிறோம்' என்ற பதில் வந்தால் தட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, வெயில் படாத இடத்தில் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். குறிப்புத் தாளின் நகலை மட்டும் கொடுத்துவிட்டு வாருங்கள்.